சிஆர்-இசட் டிக்கித் தட்டு நழுவுவது பற்றி

தயவுசெய்து டிக்கித் தளத்தில் திருகாணி அடிக்காதீர்கள். ரம்பொட மலைப்பாதை வளைவுகளில், டிக்கியில் சாமான் வைக்கும் உங்கள் தட்டு பக்கத்துக்குப் பக்கம் ஓடுவதை நிறுத்த அதுவே வழி என்று கராஜில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஹொண்டா சிஆர்-இசட் வண்டியில் டிக்கித் தளத்தின் கீழேதான் ஹைபிரிட் பேட்டரி இருக்கிறது. பழையவற்றில் ஏறத்தாழ 100 வோல்ட், 2012இன் பிற்பகுதியில் வந்த லித்தியம் வகையில் 144 வோல்ட். அங்கே துளையிடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

தட்டின் அடிப்புறம் வழவழப்பாக இருப்பதும், நுவரெலியா ஈரத்தில் அதில் ஒட்டுவது பசை பிடிக்காமல் போவதுமே தட்டு நழுவக் காரணமாக இருக்கலாம். வெல்க்ரோ ஒட்டுப்பட்டையின் சொரசொரப்பான முள் பக்கத்தில் ஒரு சிறு துண்டை டிக்கிக் கம்பளத்தில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். இறுகப் பிடித்தால் கம்பளத்தில் எதையும் ஒட்டத் தேவையில்லை. தட்டை வெளியே எடுத்து, அடிப்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, முற்றாக உலர்ந்த பின் நான்கு மூலைகளிலும் அந்த முள் பட்டையை ஒட்டி, ஒரு நாள் முழுவதும் பாரம் வைத்து விடுங்கள். அப்படியும் கழன்றால், வண்டிக்கு வெளியே வைத்தே பட்டையைத் தட்டோடு ரிவிட் அடிக்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று வண்டிக்குள்ளிருந்தே உறிஞ்சப்படுவதால், தட்டோ மரக்கறி மூட்டையோ அந்தக் காற்றை உறிஞ்சும் துவாரத்தை மூடக்கூடாது. தட்டு நழுவாது என்பதற்காகப் பாரமும் நழுவாது என்று எண்ணாதீர்கள். இறக்கத்தில் அதைத் தனியாகக் கட்டியே ஆக வேண்டும்.