புள்ளி அடித்தால் கேரேஜ் நகரவில்லையா? அது பழுதல்ல

கேள்வி: என் மாமனார் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவர். அவருடைய ரெமிங்டன் தமிழ் டைப்ரைட்டர் பல ஆண்டுகள் பரணில் கிடந்தது. இப்போது சில எழுத்துகள் மேலே போனால் திரும்பி வருவதில்லை. புள்ளி அடித்தால், தாளைத் தாங்கி நகரும் கேரேஜ் நகர்வதே இல்லை. தாள் சுற்றும் ரப்பர் ரோலர் கல்லாக இறுகிவிட்டது. மெக்கானிக் ஒருவர், “எல்லாவற்றையும் கழற்றி, பெயின்ட் அடித்துப் புதுசாக்கித் தருகிறேன்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பெயின்ட் வேண்டாம். அவர் கழற்றத் தொடங்குவதற்கு முன் புள்ளி விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அது பழுதே இல்லை. புள்ளியும், ‘கி’யில் வரும் மேல்விலங்கும் எழுத்தின் தலைமேல் உட்கார வேண்டியவை. முதலில் புள்ளி, பிறகு ‘க’ என்று அடித்தால்தான் ‘க்’ வரும். புள்ளி விழுந்ததும் கேரேஜ் நகர்ந்துவிட்டால் இரண்டும் தனித்தனியே நிற்கும். அதனால்தான் இவற்றை நகரா விசைகளாக அமைத்தார்கள். மற்ற விசைகள் உள்ளே ஒரு பொதுச் சட்டத்தைத் தள்ளி கேரேஜை ஓர் இடம் விடுவிக்கும். நகரா விசை அந்தச் சட்டத்தைத் தொடாது. ஆங்கில மெஷின் மட்டுமே பழகியவர் இதைக் கோளாறு என்று எண்ணி வளைத்துச் ‘சரி’ செய்துவிட்டால், அப்புறம் அது தமிழ் அடிக்காது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா தமிழுக்கு விசைப்பலகை வகுத்தபோது மல்லுக்கட்டிய சிக்கல்களில் இதுவும் ஒன்று.

சோதிக்க எளிய வழி: ‘க’வை மட்டும் அடியுங்கள். கேரேஜ் நகர்ந்தால் கவலையில்லை. அதுவும் நகராவிட்டால், மார்ஜினில் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேரேஜை இழுக்கும் நாடா அறுந்திருக்கலாம். தூண்டில் நரம்பு கட்டியே ஓட்டலாம். ஆனால் அந்த நாடா சுற்றியிருக்கும் ஸ்பிரிங் டப்பாவை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். முறுக்கு விட்டால் கையைப் பதம் பார்த்துவிடும்.

எழுத்துகள் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம், பெரும்பாலும் யாரோ அன்போடு விட்ட எண்ணெய்தான். எழுத்து பொறித்த கம்பிகளான டைப் பார்கள் அரைவட்டமான ஓர் இரும்புத் துண்டின் சன்னப் பள்ளங்களில் ஆடுகின்றன. அங்கே எண்ணெய் விட்டால் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். தேங்காய் எண்ணெய் இன்னும் மோசம். மொட்டைமாடியிலோ முற்றத்திலோ, பக்கத்தில் நெருப்பு இல்லாத இடத்தில் வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் கொஞ்சம் டர்பன்டைன் தொட்டு, அந்தப் பள்ளங்களை மட்டும் தேயுங்கள். ஒவ்வொரு விசையையும் திரும்பத் திரும்பத் தட்டுங்கள், துடையுங்கள், மறுநாள் இன்னொரு முறை. பெயின்டிலும் விசைத் தலைகளிலும் ரப்பரிலும் டர்பன்டைன் படவே கூடாது. காய்ந்த பிறகும் அங்கே எண்ணெய் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் விட்டே ஆக வேண்டும் என்றால், கேரேஜ் ஓடும் தண்டவாளத்தில் ஒரு சொட்டு போதும்.

‘ண’, ‘ன’ போன்றவற்றின் சுழிகளில் மை அடைத்திருக்கும். குண்டூசி கீறிவிடும், பல்குச்சியால் எடுங்கள்.

இறுகிய ரோலருக்கு மலிவான மருந்து, அடிக்கும் தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள் வைப்பது. ஓசை குறையும், எழுத்தும் தாளைக் குத்தாது. புது ரப்பர் போட்டுத் தருபவர் கிடைத்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெயின்டுக்கு வருவோம். பயிலகத்தில் மாணவர்கள் நாள் முழுக்க அடிக்கும் மெஷினுக்குப் புதுப் பெயின்ட் அடிப்பதில் தப்பில்லை, அது தொழில் கருவி. சேகரிப்பாளர் கணக்கு வேறு. பழைய பூச்சும், அதன்மேல் ஒட்டிய கம்பெனிப் பெயரும் போய்விட்டால் திரும்ப வராது; மதிப்பும் பெரும்பாலும் அதோடு போய்விடும். ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தாலே போதும். கம்பெனிப் பெயரைத் தேய்க்காதீர்கள். மாமனார் கை பட்டுத் தேய்ந்த இடம் தேய்ந்தபடியே இருக்கட்டும் என்பேன் நான்.

மை ரிப்பனுக்கு அலைய வேண்டாம். வழக்கமான அரை அங்குல ரிப்பன், பயிலகங்கள் இன்னும் நடக்கும் ஊர்களில் விசாரித்தால் கிடைக்கும். ரிப்பன் சுற்றியிருக்கும் பழைய ஸ்பூலைத் தூக்கிப் போடாமல் புது ரிப்பனை அதிலேயே சுற்றிக்கொள்ளுங்கள். கடையில் தரும் ஸ்பூல் உங்கள் மெஷினில் உட்காராமல் போகலாம். மெக்கானிக்கையும் அந்தப் பயிலகத்திலேயே கேளுங்கள். தமிழ் மெஷின் பார்த்துப் பழகிய கை அங்கேதான் கிடைக்கும்.