காற்று அடித்த விளை: நீங்கள் கேட்டவை

கோடை மழை தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, விளையில் (நம்ம குமரிப் பக்கம் தோட்டத்துக்கு அதுதான் பெயர்) காற்று அடித்ததைப் பற்றித்தான். எதற்கும் முன்னால் ஒன்று: மரத்தை அப்புறப்படுத்தும் முன் போட்டோ எடுங்கள். ஏன் என்பது மூன்றாவது கேள்வியில் தெரியும்.

"ஒரு பட்டை மாதிரி எங்க விளையில் மட்டும் வாழை எல்லாம் கிடக்குது, அடுத்த விளையில் ஒரு இலைகூட கிழியலை. இது டார்னடோவா அண்ணாச்சி?" (குலசேகரம்)

மரங்களின் தலை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பாருங்கள். எல்லாம் ஒரே திசையில், அல்லது விசிறி மாதிரி விரிந்து கிடந்தால், இடிமேகத்திலிருந்து கீழே கொட்டித் தரையில் பரவிய காற்று. நம்ம பக்கம் பெரும்பாலும் அதுதான். பட்டையின் இரண்டு ஓரத்து மரங்களும் நடுவைப் பார்த்துச் சாய்ந்து ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே கிடந்தால் டார்னடோ என்கிற சுழல்காற்றாக இருக்கலாம். 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரியில் அடித்தது அந்த வகை, ஆட்களே இறந்தார்கள். 2017 நவம்பர் 30 ஒக்கி வேறு, அது குமரி மாவட்டத்தையே புரட்டிய புயல். டார்னடோவின் பலத்தைச் சேதத்தை வைத்துத்தான் கணிக்கிறார்கள், வானிலை அறிஞர் ஃபுஜிடா 1971-ல் போட்டுக்கொடுத்த முறை அது. வாழை மட்டும் விழுந்த இடத்தில் அந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது, வாழை சின்னக் காற்றுக்கே விழுகிற ஜாதி!

"400 மூடு ஏத்தன் வாழை, குலை தள்ளி இரண்டு மாதம். பாதி முறிஞ்சு போச்சு, பாதி சாய்ஞ்சு நிக்குது. எல்லாத்தையும் வெட்டிடலாமா?" (திருவட்டாறு)

வேண்டாம் தம்பி, அவசரப்படாதீர்கள். வாழைத்தண்டு மரமே இல்லை, இலைமட்டை ஒன்றின் மேல் ஒன்று சுற்றியது, முறிந்தால் ஒட்டாது. ஆனால் சாய்ந்தது வேறு. ஒரு பக்க வேர் மண்ணில் இருந்தால் அந்த மரம் குலையைக் கொஞ்சமாவது ஊட்டும். அதை நிமிர்த்தாதீர்கள், நிமிர்த்தினால் மிச்ச வேரும் அறும். சாய்ந்த நிலையிலேயே கவைக்கம்பு முட்டுக் கொடுத்து, மூட்டில் மண் அணைத்து, குலை வெயிலில் வெந்துபோகாமல் சருகால் மூடி விடுங்கள். ஏத்தன் குலை முற்றக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆகும், இன்னும் ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் லாபம்தான்.

முறிந்ததை இரண்டு மூன்று நாளில் வெட்டிவிடுங்கள். இரண்டு மாதக் காயைச் சிப்ஸுக்கு எடுக்க மாட்டார்கள், கறிக்காயாகப் போகும். வெட்டும் முன் முறிந்த இடத்தை உற்றுப் பாருங்கள். உள்ளே துளையும், வெளியே பிசின் வடிந்த தடமும் இருந்தால் பாதிக் குற்றம் தண்டுக் கூன்வண்டுடையது, காற்று கடைசியில் வந்து ஒரு தள்ளு தள்ளியிருக்கிறது. அந்தத் தண்டை விளையிலேயே போட்டுவைத்தால் வண்டு அதிலேயே குஞ்சு பொரித்து நிற்கிற மரத்துக்கு ஏறும். நீளவாக்கில் பிளந்து காயப்போடுங்கள். மூட்டில் ஈட்டி மாதிரி ஒடுங்கிய இலை உள்ள கன்று ஒன்று மட்டும் விட்டால் போதும்.

"காப்பீடு கட்டியிருக்கேன், 72 மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் வருமா?" (தடிக்காரன்கோணம்)

இதில்தான் பலருக்கும் ஏமாற்றம். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் தனி ஒருவரின் வயலைப் பார்த்துத் தருவது ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, தண்ணீர் தேங்குதல், மேகவெடிப்பு, மின்னல் தீ போன்றவற்றுக்குத்தான். புயல், சுழல்காற்று எல்லாம் பட்டியலில் உண்டு, ஆனால் அந்தப் பகுதி முழுவதன் விளைச்சல் குறைந்தால்தான் கணக்கு. உங்கள் விளை மட்டும் போனால் கஷ்டம். இருந்தாலும் காப்பீட்டு உதவி எண் 14447-க்குச் சொல்லி வையுங்கள், பதிவு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அரசு நிவாரணம் தனி: அறிவித்தால், 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால்தான் சேரும். பேரிடர் நிதியின் 2022-26 விதியில் பல்லாண்டுப் பயிருக்கு எக்டேருக்கு 22,500 ரூபாய் என்று இருந்தது, அதுவும் இரண்டு எக்டேர் வரை. நட்ட செலவுக்கே காணாது என்று திட்டுவீர்கள், நானும் திட்டியிருக்கிறேன். அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்று சொல்லும் கிராமப் பதிவு), நீங்களும் மரமும் ஒன்றாக நிற்கிற போட்டோ, இரண்டையும் வைத்துக்கொண்டு வி.ஏ.ஓ.வைப் பாருங்கள்.

"ரப்பர் இரண்டு வருசக் கன்று சாய்ஞ்சிருக்கு, பெரிய மரம் நாலு விழுந்திருக்கு."

வாழைக்குச் சொன்னது இதற்குப் பொருந்தாது. கன்றை மண் ஈரமாக இருக்கும்போதே மெல்ல நிமிர்த்திக் கயிறு கட்டி, தலைப்பாரத்தைக் கொஞ்சம் குறைத்து, வெட்டுவாயில் போர்டோ பசை (துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து) தடவுங்கள். விழுந்த பெரிய மரத்தைப் பேரம் பேசிக் கிடப்பில் போடாதீர்கள், ரப்பர் தடியில் சீக்கிரம் பூஞ்சையால் நீலம் ஏறிவிடும், அப்புறம் வியாபாரி சொன்னதுதான் விலை.

"தென்னை விழுந்ததை ஒரு ஓரமாகப் போட்டுவைக்கலாம்னு அக்கா சொல்றாங்க, சரியா?"

அக்காவிடம் சொல்லுங்கள், கூடாது. அழுகும் தடியில் காண்டாமிருக வண்டு பெருகும். நிற்கிற மரத்தில் மட்டை கிழிந்த காயம் இருந்தால் சிவப்புக் கூன்வண்டு மணம் பிடித்து வரும்.

"வாழைக்கு முட்டுக்கம்பு விலை கட்டுப்படி ஆகலை, கயிறு போதுமா?" (பூதப்பாண்டி)

போதும். எதிரெதிர் மரங்களைச் சேர்த்துக் கட்டினால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். ஆனால் கழுத்தில் கயிறு இறுகினால் அந்த இடத்திலேயே முறியும், இரண்டு விரல் நுழைகிற இடம் விட்டுக் கட்டுங்கள்.