கையெழுத்துக்குக் கீழ ஒரு ‘ஐ’

வணக்கம் சார்,

போன வாரம் மெட்ராஸ்ல பத்து வருஷம் இருந்த ஜான் ஸ்மார்ட்னு ஒரு மினியேச்சர் ஓவியர், அதாவது குட்டிக் குட்டிப் படம் வரையறவர், பத்தி ரெண்டே வரி எழுதிட்டு வேற எங்கயோ போயிட்டீங்க. நான் திருவல்லிக்கேணிக்காரன், தினமும் வாலாஜா ரோட்டுல பஸ் ஏறுறவன், இந்தப் பேரையே கேட்டதில்லை. அவ்ளோ பெரிய ஆளுன்னா ஊர்ல ஒரு அடையாளம்கூட ஏன் இல்லை? அப்புறம் மினியேச்சர்னா முகலாயர் ஓவியம்தானே, இதுல வெள்ளைக்காரர் எங்க வந்தார்?
— க., திருவல்லிக்கேணி

அன்புள்ள க.,

ரெண்டு வரில விட்டது என் தப்புதான். ரெண்டாவது கேள்வியை முதல்ல முடிச்சிடறேன். முகலாய மினியேச்சர் பெரும்பாலும் ஏட்டுல, ஆல்பத்துல இருக்கற படம். ஸ்மார்ட் வரைஞ்சது லாக்கெட்லயோ மோதிரத்துலயோ வச்சுக்கற ஒத்த முகம். நாம பர்ஸுல போட்டோ வச்சுக்கறோம்ல, அதேதான், கேமரா வர்றதுக்கு முன்னாடி.

சின்னதுதானேன்னு நினைக்காதீங்க, கழுத்தொடியற வேலை. யானைத் தந்தத்தை மெலிசா சீவி எடுப்பாங்க, அதுல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், வாட்டர்கலர் வழுக்கிட்டுப் போயிடும், அதனால தேய்ச்சு தேய்ச்சு பிசுக்கை எடுத்துட்டு அப்புறம் பிரஷ் நுனியால புள்ளி புள்ளியா வைக்கணும். முகத்துல கலரை லேசாத்தான் தடவுவாங்க, அடியில இருக்கற தந்தம் தெரியறதாலதான் தோல் உயிரோட இருக்கற மாதிரி மினுங்கும். வெனிஸ்ல ரொசால்பா கரியேரான்னு ஒரு அம்மா ஆரம்பிச்சு வச்ச வித்தை இது, 1700 வாக்குல.

ஸ்மார்ட்டுக்கு லண்டன்ல போட்டி ரிச்சர்ட் காஸ்வே. 1755ல பசங்களுக்கான ஓவியப் போட்டியில காஸ்வே ஃபர்ஸ்ட், இவர் செகண்ட். காஸ்வே பெரிய மனுஷங்களுக்கு கண்ணைப் பெருசாக்கி அழகாக்கிக் குடுப்பார், இன்னிக்கு ஃபில்டர் போடறோமே அப்படி. ஸ்மார்ட் அந்தப் பக்கமே போகமாட்டார், கண்ணோரச் சுருக்கம் இருந்தா சுருக்கம்தான். நான் மியூசியம் சைட்ல ஜூம் பண்ணி பண்ணி பாத்து ராத்திரி ஒரு மணி ஆயிடுச்சு, எனக்கு ஸ்மார்ட்தான் ஒசத்தி, சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

1785ல மெட்ராஸ் வந்தார். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, அதாவது உங்க ரோட்டுக்காரர், அவரையும் அவர் குடும்பத்தையும் வரைஞ்சார். கிழக்கிந்தியக் கம்பெனி ஆபீசர்களும் வந்து உக்காருவாங்க, படத்தைக் கப்பல்ல ஊருக்கு அனுப்பிடுவாங்க, அங்க அம்மாவோ பொண்டாட்டியோ மாசக்கணக்குல காத்துட்டு இருப்பாங்க. உங்க முதல் கேள்விக்கு பதில் இங்கதான் இருக்கு. ஆயில் பெயிண்டிங்னா தர்பார் சுவத்துல தொங்கும், இது யார் சட்டைக்குள்ளயோ போயிடும், போறதுக்குன்னே செஞ்ச சாமான். இன்னிக்கு அமெரிக்காவுல கன்சாஸ் சிட்டி நெல்சன்-அட்கின்ஸ் மியூசியத்துல அவர் படம் வரிசையா இருக்கு, மெட்ராஸ்ல உக்காந்து வரைஞ்சதும் சேர்த்து. சேப்பாக்கத்துல தேடினா எப்படிக் கிடைக்கும்?

ஆனா ஊரோட தடம் படத்துலயே இருக்கு. தன்னோட இனிஷியல் ‘ஜே எஸ்’, வருஷம், அதோட இங்க வரைஞ்சதுல மட்டும் குட்டியா ஒரு இங்கிலீஷ் ‘ஐ’, இந்தியாவுக்கு. லென்ஸ் வச்சாதான் கண்ணுக்குத் தெரியும். 1795ல லண்டன் திரும்பினார், அப்புறம் வரைஞ்சதுல அந்த ‘ஐ’ இல்லை. நவாப் செத்ததும் அதே வருஷம்தான்.

ஒரு விஷயம் போன வாரமே சொல்லியிருக்கணும். அவர் பையனும் மினியேச்சர் ஓவியர், பேரும் ஜான் ஸ்மார்ட்தான். அப்பா வந்த அதே வழியில அவனும் மெட்ராஸ் வந்தான், 1809ல இங்கயே செத்துப் போனான். அப்பா லண்டன்ல 1811 வரைக்கும் இருந்தார்.