பதிவேட்டில் பெயர் இருந்தும் பிரைமரியில் ஓட்டு இல்லையா?

கேள்வி: நியூயார்க்கில் இருக்கும் என் மகள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, வாக்காளராகவும் பதிந்துவிட்டாள். ஆனாலும் ஜூன் மாத பிரைமரியில் வாக்குச்சீட்டு தர மறுத்துவிட்டார்கள். இது உரிமை மறுப்பு இல்லையா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பிரைமரி என்பது, நவம்பர் தேர்தலில் நிற்கப்போகும் தன் வேட்பாளரை ஒரு கட்சி தேர்ந்தெடுக்கும் முதற்கட்ட வாக்கெடுப்பு. பெயர் இருந்தால் நவம்பர் தேர்தலுக்குப் போதும், நியூயார்க் பிரைமரிக்குப் போதாது. அந்தந்தக் கட்சியில் பதிந்தவர்களே அதன் பிரைமரியில் போடலாம். நம் ஊரில் உறுப்பினர் அட்டையைக் கட்சிதான் தரும். அங்கே வாக்காளர் பதிவுப் படிவத்திலேயே கட்சியைக் குறிக்க வேண்டும். உங்கள் மகள் எதற்கு வம்பு என்று ‘எந்தக் கட்சியும் வேண்டாம்’ கட்டத்தை டிக் செய்திருப்பார், அல்லது காலியாக விட்டிருப்பார்.

ஏற்கெனவே பதிந்தவர் கட்சியில் சேரவோ மாறவோ, பிப்ரவரி 14-க்குள் படிவம் தேர்தல் வாரியத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பிந்தினால், ஜூன் பிரைமரி முடிந்து 7 நாள் கழித்தே மாற்றம் நடப்புக்கு வரும். முன்பு இதைவிட மோசம். 2016 ஏப்ரல் 19 பிரைமரிக்கு, 2015 அக்டோபர் 9 கடைசி நாள்! டிரம்ப்பின் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும் அதைக் கோட்டைவிட்டு, அப்பாவுக்கே ஓட்டுப் போட முடியாமல் போனார்கள். மாற்றுக் கட்சிக்காரர்கள் புகுந்து சொத்தை வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது என்பது, இப்படி முன்கூட்டியே கெடு வைப்பதற்குச் சொல்லப்படும் காரணம். 1973-ல் ரொசாரியோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 5-4 என்ற கணக்கில் அந்தப் பழைய கெடுவை ஏற்றது. போட்டியிடுவது யாரென்றே தெரியாதபோது கட்சியை முடிவு செய்யச் சொல்வது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் சட்டம் அதுதான்.

கட்சியைக் குறித்துக் கொடுத்தும் பதிவேட்டில் விட்டுப்போயிருந்தால், சும்மா திரும்பி வரக் கூடாது. பிரமாண வாக்குச்சீட்டு (தனக்குத் தகுதி உண்டு என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்துப் போடும் சீட்டு) கேட்டு வாங்கி, உறை மேல் கையெழுத்து உட்பட எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். பிறகு பதிவு ஆவணத்தோடு ஒப்பிட்டே எண்ணுவார்கள். அதில் கட்சி இல்லையென்றால் அந்த ஓட்டு செல்லாது. ஜனவரியிலேயே வாரியத்தின் இணையதளத்தில் பதிவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டெக்சாஸில் என் தம்பிக்கு இந்தத் தொல்லையே இல்லையாம். உண்மையா?
– வாசகர், கோவை

பதில்: உண்மை. அங்கே பதிவில் கட்சி கிடையாது. வாக்குச்சாவடியில் எந்தக் கட்சியின் சீட்டு என்று சொன்னால் போதும். ஒரு சிக்கல் உண்டு. மார்ச்சில் ஒரு கட்சிக்குப் போட்டவர், யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு கிடைக்காதபோது மே மாதம் நடக்கும் மறுசுற்றில் அடுத்த கட்சிப் பக்கம் போக முடியாது.

கேள்வி: அப்படியானால் கட்சி யாரை வேண்டுமானாலும் ஒதுக்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நிறத்தைச் சொல்லி ஒதுக்க முடியாது. ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஜெயித்தவரே பதவிக்கு வருவார் என்றிருந்த அந்தக் கால டெக்சாஸில், 1923-ல் கறுப்பினத்தவரைத் தடுத்துச் சட்டமே போட்டார்கள். 1927-ல் அது செல்லாது என்றானதும், ‘கட்சி தனியார் சங்கம்தானே’ என்று தடையைக் கட்சியின் தலையில் கட்டினார்கள். 1935-ல் உச்ச நீதிமன்றம் அதற்கும் தலையாட்டியது! ஹூஸ்டன் பல் மருத்துவர் லோனி ஸ்மித் தொடுத்த வழக்கில், 1944-ல்தான் 8-1 என்று அது உடைந்தது.

கொள்கை உடன்படாதவர்களை ஒதுக்குவது வேறு. பிரைமரியில் யாரும் எந்தக் கட்சி வேட்பாளருக்கும் போடலாம் என்ற கலிஃபோர்னியா முறையை எதிர்த்துக் கட்சிகளே வழக்குப் போட்டு, 2000-ல் 7-2 என்று வென்றன.

கேள்வி: கிரீன் கார்டு இருந்தால் பிரைமரியில் ஓட்டுப் போடலாமா?
– வாசகர், சென்னை

பதில்: கூடவே கூடாது. அதிபர், நாடாளுமன்றப் பதவிகளுக்கான பிரைமரியில் போட்டால் சிறைத் தண்டனை, நாடு கடத்தல் வரை போகும். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது வாக்காளராகப் பதியவா என்று கேட்பார்கள். அங்கே தவறிப்போயும் ‘ஆம்’ சொல்லிவிடாதீர்கள்.