பொண்ணு சர்வதேச உறவுகள் படிக்கணுமாம்: குமுளி அப்பாவுக்கு ஒரு பதில்

அண்ணே, மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு 'சர்வதேச உறவுகள்தான் படிப்பேன்' என்று பிடிவாதம் பிடிக்கிறாள், அமெரிக்காவும் சீனாவும் முறைத்துக்கொண்டால் நமக்கென்ன, அதைப் படித்தால் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளக் கேள்வி நியாயமானது. நமக்கென்ன என்று ஏலக்காய் விற்கிற நீங்கள் கேட்டதுதான் வேடிக்கை.

புற்றடி ஏலக்காய் ஏலத்தில் 8 மி.மீ. போல்டு (பெரிய ரக) காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டரில் விலை ஏற்றுகிற வியாபாரி, மனசுக்குள் சவுதியையும் குவாத்தமாலாவையும் வைத்துத்தானே கணக்குப் போடுகிறார்? 2023 கடைசியில் செங்கடலில் ஏமன் நாட்டு ஆயுதக்குழுவான ஹூத்திகள் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும் ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது, கன்டெய்னர் வாடகை எகிறியது. 2025 ஆகஸ்டில், ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்பதைக் காரணம் காட்டி அமெரிக்கா இன்னொரு 25 சதவீத வரியைப் போட்டு மொத்தம் 50 ஆக்கியபோது, திருப்பூர் பனியன் கம்பெனிக்காரரும் ஆந்திராவில் இறால் வளர்ப்பவரும் தலையில் கை வைத்தார்கள். ஒரு வல்லரசுக்கு இன்னொன்றின் மேல் வந்த கோபம், நடுவில் நம் சரக்கு. உங்கள் மகள் படிக்க நினைப்பது இதைத்தான்.

சரி, சம்பளம். ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) என்று அவள் கனவு காண்கிறாள் என்றால் காணட்டும், ஆனால் அது யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வு வழியாக ஆண்டுக்குச் சில டஜன் பேருக்குக் கிடைப்பது, அதை மட்டுமே நம்பி உட்கார வேண்டாம். பட்டதாரிகளுக்கான மத்திய அரசு வேலைத் தேர்வான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். எழுதி வெளியுறவு அமைச்சகத்திலேயே உதவிப் பிரிவு அலுவலர் ஆகலாம், வெளிநாட்டுத் தூதரகங்களில் போஸ்டிங்கும் வரும். நம் பக்கம் இது ஏனோ யாருக்கும் தெரிவதில்லை. அப்புறம் ஏற்றுமதி நிறுவனங்கள், ஆய்வு மையங்கள், பத்திரிகை. இங்கெல்லாம் வெறும் எம்.ஏ.வோடு போய் நின்றால் ஆரம்பச் சம்பளம் சுமார்தான், பூசி மெழுகமாட்டேன். கூடவே ஒரு வெளிநாட்டு மொழியும் கொஞ்சம் பொருளாதாரமும் இருந்தால் கதை வேறு. சீனம் நல்லது. நம் சரக்கு போகிற திசையைப் பார்த்தால் நான் அரபிக்குத்தான் ஓட்டுப் போடுவேன், கேரளத்தில் அதைக் கற்க ஆளுக்கும் இடத்துக்கும் பஞ்சமில்லை.

'குளோபல் டிப்ளமசி' என்று பளபளப்பான பெயர் வைத்து வருடத்துக்கு லட்சக்கணக்கில் கேட்கிற தனியார் படிப்புக்குத் தோட்டத்தை அடமானம் வைத்துவிடாதீர்கள். பக்கத்து அரசுக் கல்லூரியிலோ எய்டட் (அரசு உதவி பெறும்) கல்லூரியிலோ பி.ஏ. பொருளாதாரம் அல்லது வரலாறு போதும். கேரளத்தில் 2024 முதல் நான்காண்டு இளங்கலை வந்திருக்கிறது, வேண்டாமென்றால் மூன்றாவது வருடமே பட்டம் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். எம்.ஏ.வுக்குக் கோட்டயம் எம்.ஜி. பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது, குமுளியிலிருந்து ஒரே பஸ். புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகமும் காசர்கோட்டில் உள்ள கேரள மத்தியப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. நுழைவுத் தேர்வை நன்றாக எழுதினால் டெல்லி ஜே.என்.யு.

அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவோடு குவாட் என்கிற நான்கு நாட்டுக் கூட்டத்தில் உட்காருகிற இந்தியா, 2018-இல் ரஷ்யாவோடு எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணைக்கு ஏன் ஒப்பந்தம் போட்டது? 2020-இல் எல்லையில் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்த பிறகும் சீனாவோடு பிரிக்ஸ் நாடுகள் கூட்டமைப்பில் ஏன் ஒரே மேஜையில் இருக்கிறது? ஒரு வாரம் டைம் கொடுத்து, உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொல்லுங்கள். யார் நல்லவன், யார் கெட்டவன் என்று கதை சொன்னால் இன்னும் யோசிக்கட்டும். யாருக்கு என்ன தேவை, யாரிடம் என்ன இருக்கிறது என்று உங்கள் ஏலக் கணக்கு மாதிரியே பேசினால் தயங்காமல் கல்லூரி இடம் ஒதுக்குகிற டிகிரி அலாட்மென்டுக்கு விண்ணப்பம் போடுங்கள். மூன்றாம் நாளே கொட்டாவி விட்டால் பி.காம்.