குற்றச் சம்பவ இடத் தேடுதலுக்கு மெய்நிகர் பயிற்சி: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மெய்நிகர் மென்பொருளின் மாதிரியில், பயிற்சி பெறுபவர் அருகே சென்றதும் தடயம் ஒளிர்கிறது. மாணவர்களுக்குப் பிடித்திருக்கிறது. அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஒளிர்வதைப் பொறுக்குவது தேடுதல் ஆகாது. எது தடயம், எது அன்றாடக் குப்பை என்று தீர்மானிப்பதுதான் இந்த வேலையின் உயிர். அறை நிறையச் சாதாரணப் பொருள்களை வையுங்கள். அத்தனையையும் கையில் எடுத்துப் பார்க்க முடிய வேண்டும். தடயங்களை மட்டுமே எடுக்க முடியும் என்றால், அதுவே விடையைச் சொல்லிவிடும். அமெரிக்காவில் ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீ 1940-களில் துப்பறிவாளர் பயிற்சிக்காக, ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் குட்டி அறைகளைச் செய்தார். வீட்டுச் சாமான்கள் அனைத்தும் அவற்றில் நுணுக்கமாக இருக்கும். எதைப் பார்க்க வேண்டும் என்று எந்தக் குறியும் காட்டிக்கொடுக்காது.

கேள்வி: பத்துத் தடயங்களில் எத்தனை கிடைத்தன என்று மதிப்பெண் போட்டால் போதாதா?

பதில்: போதாது. அது அதிர்ஷ்டத்துக்கும் மதிப்பெண் தந்துவிடும். ஒருவர் எட்டைக் கண்டெடுக்கிறார், ஆனால் வழியில் காலணித் தடம் ஒன்றை மிதித்து அழித்துவிடுகிறார். இன்னொருவர் ஆறுதான் எடுக்கிறார், ஒரு மூலையையும் விடவில்லை, எதையும் தொடும் முன் படம் எடுத்திருக்கிறார். நான் இரண்டாமவரைத்தான் நம்புவேன். ஆகவே நடந்த பாதை, பார்வை தங்கிய இடங்கள், செய்த வரிசை மூன்றையும் பதிவு செய்யுங்கள். முடிந்ததும் அறையை மேலிருந்து பார்க்கும் கோணத்தில் அவருக்கே ஓட்டிக் காட்டுங்கள்.

இன்னொன்று. தொடர்பு ஏற்படும் இடத்தில் பரிமாற்றம் நிகழும் என்ற, பிரெஞ்சுத் தடயவியல் முன்னோடி எட்மண்ட் லொக்கார்டின் கோட்பாடு தேடுபவருக்கும் பொருந்தும். கையுறை மாற்றாமல் அடுத்த பொருளைத் தொட்டால், உங்கள் மாதிரியிலும் முந்தையதன் துகள் அதில் ஒட்ட வேண்டும். செய்ததைத் திரும்பப் பெறும் பொத்தான் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எந்தத் தேடல் முறையைக் கட்டாயமாக்குவது?

பதில்: எதையும் கட்டாயமாக்காதீர்கள். திறந்த வெளிக்கு, இணையான பட்டைகளாக நடந்து தேடும் பட்டை முறை பொருந்தும்; வீட்டுக்குள், இடத்தைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகத் தேடுவது பொருந்தும். கட்டமுறையில் ஒரே பரப்பை இரு திசைகளில் தேடுவதால் நேரம் கூடும். பயிற்சி பெறுபவரே தேர்ந்து, காரணம் சொல்லட்டும்.

கேள்வி: ஒளி அமைப்புக்கு அவ்வளவு உழைப்பு தேவையா?

பதில்: மிகவும் தேவை. தூசியில் பதிந்த காலணித் தடம் மேலிருந்து விழும் ஒளியில் மறைந்துவிடும். டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் தெரியும். லூமினால் என்ற வேதிப்பொருளைத் தெளித்தால் இரத்தம் இருளில் நீலமாக ஒளிரும். ப்ளீச்சும் ஒளிரும். ப்ளீச்சால் துடைத்த தரை ஒன்றைக் கட்டாயம் சேருங்கள்.

கேள்வி: தலைசுற்றலைத் தவிர்க்க, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும் வசதி வைத்தோம். சரிதானே?

பதில்: உடலுக்குச் சரி, பயிற்சிக்கு ஆபத்து. தாவுபவர் தரையை மிதிப்பதே இல்லை! இடைப்பட்ட நேர்கோட்டைக் காலடிகளாகக் கணக்கிடுங்கள். இடமிருந்தால் உண்மையாகவே நடக்க விடுங்கள்.

கேள்வி: இது நேரடிப் பயிற்சிக்கு மாற்றாகுமா?

பதில்: ஆகாது. இரத்தம் தோய்ந்த துணியை உலர்த்தி, பிளாஸ்டிக்கில் அல்லாமல் காகித உறையில் இட வேண்டும் என்பதை மென்பொருள் சொல்லித் தரும். மடிக்கவும், முத்திரையிடவும் கைகள் பழகுவது மேசையில் உண்மையான துணியை வைத்துக்கொண்டுதான்.