ஒயர் ஆடினால் அறும்: படகு மின்சாரம், வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்களுடையது சின்னப் பாய்மரப் படகு. 10 மீட்டர் அலுமினியப் பாய்மரம். உச்சி விளக்கு திடீரென்று அணைகிறது, தானாகவே எரிகிறது. பல்பு புதிது. அலை ஆட்டும்போது மரத்துக்குள் ஒயர் 'டக் டக்' என்று தட்டுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? (காசிமேடு)

பதில்: உண்டு. ஒயரின் எடை முழுவதும் உச்சியில் இருக்கும் டெர்மினல் திருகில் தொங்குகிறது. படகு கரையோரம் கட்டிக் கிடந்தாலும் ஆட்டம் நிற்பதில்லை. டெர்மினலுக்குள் நுழையும் இடத்தில் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. கடைசியாக மிஞ்சிய நாலைந்து இழைகள் தொட்டும் தொடாமலும் இருக்கும்போதுதான் விளக்கு இப்படிக் கண்ணாமூச்சி காட்டும்.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது கீழே, ஒயர் வெளிவரும் துளை. அலுமினிய விளிம்பு உறையை அறுத்து, பாசிட்டிவ் ஒயர் மரத்தைத் தொட்டால், மரம் எஞ்சினோடு இணைந்திருக்கும் படகில் நேராக ஷார்ட். இணைப்பு இல்லாத படகிலும் உப்பு ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்து அலுமினியத்தை அரிக்கும்.

பழுது எங்கே என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடலாம். மரத்தடியில் இணைப்பைக் கழற்றுங்கள். உச்சியில் பல்பை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்குங்கள். 1.5 சதுர மி.மீ. ஒயரில் போக வர 20 மீட்டருக்குக் கால் ஓம் அளவு காட்ட வேண்டும். ஒருவர் ஒயரை அசைக்கும்போது எண் குதித்தால் இழை அறுந்திருக்கிறது. பிறகு முறுக்கைப் பிரித்து, பாசிட்டிவ் ஒயருக்கும் அலுமினியத்துக்கும் இடையே பாருங்கள். அங்கே எந்த எண்ணும் வரக்கூடாது.

மாற்றுவதென்றால் மரத்தைச் சாய்த்துவிட்டுச் செய்யுங்கள். பழைய ஒயரின் முனையில் நைலான் கயிறு கட்டி இழுத்தால் புது ஒயருக்கு வழி கிடைத்துவிடும். பாய் ஏற்றும் கயிறுகள் மரத்துக்கு வெளியே ஓடினால் செலவில்லாத முறை ஒன்று உண்டு. அரை மீட்டருக்கு ஓர் இடத்தில் மூன்று கேபிள் டை கட்டி, வால்களை வெட்டாமல் மூன்று திசையில் விரித்துவிடுங்கள். வால்கள் சுவரில் முட்டி ஒயரை நடுவிலேயே பிடித்துக்கொள்ளும். கயிறுகள் உள்ளே ஓடினால் இது உதவாது, வாலில் கயிறு சிக்கும். அப்போது 20 அல்லது 25 மி.மீ. பிவிசி பைப்பை உள்சுவரோடு ரிவெட் அடித்து அதற்குள் ஒயரை விட வேண்டும். ரிவெட்டின் கூர்முனை பைப்புக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே ஒயரைத் தின்றுவிடும், தடவிப் பார்த்து அரம் போடுங்கள்.

உச்சியில் டெர்மினலுக்குச் சற்று முன்பே உறையைக் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். எடை கிளாம்பில் நிற்கட்டும், திருகில் அல்ல. கீழ்த்துளையின் விளிம்பை மழுக்கி ரப்பர் கிராமெட் (துளை விளிம்பை மூடும் வளையம்) மாட்டுங்கள். வெளியே வரும் ஒயர் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கேள்வி: வீடு கட்டியபோது மிஞ்சிய ஒயர் இருக்கிறது. படகில் போடலாமா? லக்குக்கு (ஒயர் முனையில் அழுத்தி மாட்டும் உலோக முனை) பதில் சாலிடர் வைத்தால் உறுதிதானே? (ராயபுரம்)

பதில்: ஒற்றைக் கம்பி ஒயர் என்றால் வேண்டவே வேண்டாம், அதிர்விலேயே முறியும். பல இழை ஒயர் ஆட்டத்தைத் தாங்கும். ஆனால் வெறும் செம்பு. வெட்டிய முனையிலிருந்து உப்பு ஈரம் இழைகளுக்கு இடையே ஏறி, உறைக்குள்ளேயே கறுத்துவிடும். கறுத்த செம்பில் லக் அடித்தால் பிடிக்காது, சூடாகும். வெள்ளீயம் பூசிய, 'டின்டு காப்பர்' எனப்படும் ஒயரையே வாங்குங்கள். விலை கூடுதல்தான். பாய்மரத்திலும் படகின் அடித்தளத்திலும் மட்டுமாவது மிச்சம் பிடிக்காதீர்கள்.

கனம் எவ்வளவு? விளக்குக்குப் போகும் வழியில் 3 சதவீதத்துக்கு மேல், அதாவது 12 வோல்ட்டில் 0.36 வோல்ட்டுக்கு மேல் இழக்கக்கூடாது. சுவிட்ச் பேனலிலிருந்து உச்சிக்கு 12 மீட்டர் என்று வைப்போம். 25 வாட் பல்புக்கு 1.5 சதுர மி.மீ. ஒயரில் 0.6 வோல்ட் போய்விடும், 2.5 போட்டால் 0.35. எல்இடி விளக்கு கால் ஆம்பியர்தான் இழுக்கும், அதற்கு 1.5 தாராளம்.

சாலிடர் இழைகளுக்குள் ஊறி ஒயரைக் கம்பியாக்கிவிடும். ஊறியது முடியும் கோட்டில்தான் ஒயர் முறியும். லக்கை ராட்செட் கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள், இடுக்கியால் நசுக்குவது கணக்கில் வராது. 1.5 ஒயருக்குச் சிவப்பு லக், 2.5க்கு நீலம். திருகு தளர்ந்தாலும் கழன்றுவிடாத வளைய லக்கே நல்லது. அழுத்தியதும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். அதன் மேலே, சூடு காட்டினால் சுருங்கும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். இன்சுலேஷன் டேப் சென்னை வெயிலில் பசை இளகி ஒரே கோடையில் உரிந்துவிடும்.

கேள்வி: எஞ்சின் பக்கம் ஒயர் தேய்ந்துகொண்டே இருக்கிறது. கிராமெட்டும் உப்பிக் கழல்கிறது. (எண்ணூர்)

பதில்: டீசல் பட்டால் சாதா ரப்பர் உப்பும். நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். எஞ்சின் அதன் ரப்பர் மவுண்ட் மேல் குலுங்கும், படகின் சுவர் குலுங்காது. இரண்டுக்கும் நடுவே ஒயரை விறைப்பாகக் கட்டினால் அறும். ஒரு வளையம் தளர்வு விட்டு, இரு பக்கமும் கிளாம்ப் போடுங்கள். மற்ற இடங்களில் 450 மி.மீ.க்கு ஒரு பிடிப்பு. வெயில் படும் இடத்தில் கறுப்பு கேபிள் டைதான், வெள்ளை நொறுங்கிவிடும். ஒயரிங் முழுவதையும் மாற்றும் எண்ணமிருந்தால், விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தோதானது. மழைக்கு முன் அவசரமாகச் செய்யும் வேலை நிற்பதில்லை.

கேள்வி: துளையைச் சிலிகான் வைத்து அடைத்தேன். உள்ளே செம்பு பச்சையாகிவிட்டதே? (திருவொற்றியூர்)

பதில்: காடி வாசனை வந்ததா? அந்த வகைச் சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். 'நியூட்ரல் கியூர்' என்று ட்யூபில் இருக்க வேண்டும்.

கேள்வி: 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போனதால் 20 போட்டேன். இப்போது போவதில்லை. (காசிமேடு)

பதில்: இன்றே கழற்றுங்கள். எங்கோ உறை தேய்ந்து ஒயர் உலோகத்தைத் தொடக்கூடும். 10 ஆம்பியர் ஃபியூஸ் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது ஃபியூஸுக்குப் பதில் ஒயர் உருகும். ஒயர்கள் உலோகத்தைக் கடக்கும் ஒவ்வொரு இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பிரதான ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 20 செ.மீ.க்குள் இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.